புஷ்பம் பார்க்காத சீட்டு

போன செவ்வாய்க்கிழமை காலை, வீட்டுக்கு வந்து பத்து நிமிஷம்கூட ஆகாத ஸ்மிதா நேராக என் அடுக்களைக்குள் நுழைந்துவிட்டாள்.

ஸ்மிதா எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் புது ஹோம் நர்ஸ். நெடுமங்காட்டுக்காரி. பையை ஓரமாக வைத்தாள், கை கழுவினாள், கட்டிலில் கிடந்த என் அண்ணாவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள். அடுத்த நிமிஷம் ஃப்ரிட்ஜ் முன்னால் நிற்கிறாள்.

"அங்கே எல்லாம்..." என்று ஆரம்பித்தேன். அவள் காதில் விழவில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து நான் ஒட்டியிருந்த மருந்துச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ராவிலே இன்சுலின் பத்து யூனிட். அல்லே ஆன்ட்டி?" என்று கேட்டாள். அவளுடைய மலையாளத்தில் ராவிலே என்றால் காலையில்.

ஆமாம் என்றேன். அவள் அண்ணாவிடம் போய்விட்டாள். நான் அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டேன். அந்தச் சீட்டு ஐந்து வாரமாக அங்கே இருக்கிறது. யாருக்காக ஒட்டினேன் அதை?

புஷ்பத்துக்காக. ஸ்மிதாவுக்கு முன்னால் இருந்த ஹோம் நர்ஸ். அவளுக்காகத்தான் பெரிய எழுத்தில் எழுதி, அடிக்கோடு போட்டு, ஒட்டினேன். ஆனால் புஷ்பம் ஒன்றரை வருஷத்தில் ஒரு நாள்கூட அந்த வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. நான் வரவிட்டதில்லை.



இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு என் அண்ணா சங்கரனைத் தெரியும். அச்சான பத்தியில் பிழை கண்டுபிடித்து, சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, ஒன்றும் பேசாமல் என் மேஜையில் வைத்துவிட்டுப் போவாரே... அவர்தான். செக்ரட்டேரியட்டில் முப்பது வருஷம் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியவர். அண்ணி காலமாகி எட்டு வருஷம் ஆகிறது. ஒரே பெண் வித்யா மெல்பர்னில். கல்யாணம் செய்துகொள்ளாத தங்கை நான். கரமனை அக்ரஹாரத்து வீட்டில் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருந்தோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு... மூன்றும் ஒரே காலையில் போயின. சர்க்கரை அதற்கு முன்பே இருந்தது.

எனக்கு அறுபத்திரண்டு வயது. அண்ணா எண்பது கிலோ. என்னால் என்ன செய்ய முடியும்? ஆறு மாசம் தடுமாறிவிட்டு ஒரு ஏஜென்சிக்கு ஃபோன் பண்ணினேன். புஷ்பத்தை அனுப்பினார்கள்.

போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். நாற்பது வயது இருக்கும். பார்த்தால் ஒல்லி. ஆனால் அண்ணாவின் தோளுக்கடியில் கையைக் கொடுத்து, "ஒண்ணு, ரெண்டு, எந்திரிங்க மாமா" என்றால் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். முதல் நாளே எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வேலைக்கு எடுக்கும்போது அவளிடம் மூன்று கேள்வி கேட்டேன். இந்த வீட்டில் இருக்கும்வரை மீன், முட்டை கூடாது, சம்மதமா? ஃபோனில் ரொம்பப் பேசுவாயா? மாசத்துக்கு எத்தனை நாள் லீவு வேண்டும்? அவ்வளவுதான் கேட்டேன்.

ஊசி போட எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்கவில்லை. மருந்து மாறினால் யார் உனக்குச் சொல்வார்கள் என்று கேட்கவில்லை. ஏஜென்சியும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவர்கள் நீட்டிய ஒப்பந்தத்தில் கடைசி வரி மட்டும் பொடி எழுத்தில் இருந்தது — மருந்து சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் வீட்டாரே பொறுப்பு. கையெழுத்துப் போட்டேன். நீங்கள் மட்டும் படித்துப் பார்த்தா போடுகிறீர்கள்?

ஹோம் நர்ஸ் என்கிறோம். பேரில் நர்ஸ் இருக்கிறதே தவிர படிப்பில் கிடையாது. பத்து நாள் டிரெயினிங் என்று புஷ்பமே பிறகு சொன்னாள். படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போடுவது, டயாப்பர் மாற்றுவது, ட்யூபில் கஞ்சி விடுவது. இன்சுலின் அதில் இல்லை. அதை முதலில் வேலை பார்த்த வீட்டின் பக்கத்து வீட்டில் குடியிருந்த ஆஸ்பத்திரி சிஸ்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாளாம்.

அவள் ஊசி போடலாமா? சட்டம் என்ன சொல்கிறது? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவே விரும்பவில்லை என்பதுதான் நிஜம். கூடாது என்று தெரிந்துவிட்டால் தினமும் நான் போட வேண்டுமே... அவள் லீவில் போகிற இரண்டு நாளுமே பல்லைக் கடித்துக்கொண்டு போடுகிறவள் நான்.

அடுக்களை விஷயம் முதல் நாளே முடிந்துபோயிற்று. வாசற்படிக்கு வெளியே நின்று, "மாமாவுக்குக் கஞ்சி நானே வச்சுக்கிடட்டா மாமி?" என்றாள்.

"உள்ளே எல்லாம் நானே பாத்துக்கறேன். நீ எதுக்கு சிரமப்படறே? வேணுங்கறதைக் கேளு, எடுத்துத் தரேன்" என்றேன்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவளும் சிரித்தாள். அதற்கப்புறம் ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டுமென்றாலும் அந்த இடத்தில் நின்று "மாமி" என்று கூப்பிடுவாள்.

நான் ஜாதி பார்க்கிறவளா? சேச்சே. இதே பக்கத்தில் அதை எதிர்த்து எழுதியிருக்கிறேன். நீங்கள் பாராட்டிக் கடிதம்கூடப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் ஸ்வாமி படங்கள் அடுக்களையில் இருக்கின்றன, அம்மா காலத்து வழக்கம், அண்ணாவுக்குப் பிடிக்காது... இப்படி எனக்கு நானே காரணங்கள் வைத்திருந்தேன். அண்ணாவைக் கேட்டேனா? அவருக்குத்தான் பேச்சே இல்லையே.

அந்தப் பேச்சைக் கொஞ்சம் மீட்டுக்கொடுத்தவளும் புஷ்பம்தான்.

எஸ்டேட்டில் விடிகாலையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களாம். பெரட்டு என்று சொன்னாள். பதில் சொல்லாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. அதையே அண்ணாவிடம் ஆரம்பித்தாள். தினமும் காலையில் கட்டில் எதிரே விறைப்பாக நின்று, "கரமனை சங்கரன்" என்று கூப்பிடுவாள். பதில் வரும்வரை விடமாட்டாள். நாலு மாசம் வெறும் மூச்சுதான் வந்தது. அப்புறம் ஒரு நாள் "ஆ" வந்தது. அப்புறம் "ஆஜர்." ஓணத்துக்கு முந்தின வாரம் என்னைப் பார்த்து, தெளிவாக, "காப்பி" என்றார். நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

மொத்தம் பதினோரு வார்த்தை சேர்ந்திருந்தது. வித்யாவிடம் ஒவ்வொன்றாக ஃபோனில் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம்தான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. மத்தியானம் புஷ்பம் லீவில் ஊருக்குக் கிளம்பினாள். சாயங்காலம் டாக்டர் அண்ணாவின் ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டைப் பார்த்தார். சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. சாப்பாடும் குறைந்திருக்கிறது. இன்சுலின் பதினெட்டு யூனிட் வேண்டாம், நாளையிலிருந்து பத்து போதும் என்றார்.

நான் பொறுப்பான மனுஷியல்லவா? வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சீட்டு எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். சனி, ஞாயிறு நானே பத்து போட்டேன்.

திங்கள் காலை முதல் பஸ்ஸில் புஷ்பம் வந்து சேர்ந்தாள். அவளிடம் வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அன்று இந்தப் பத்தியை அனுப்பக் கடைசி நாள். இட்லித் தட்டை வெளியே வைத்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். சீட்டுதான் இருக்கிறதே...

இன்சுலின் பேனா கட்டில் பக்கத்து மேஜையில் இருக்கும். ஒன்றரை வருஷமாகத் திருப்புகிற எண்ணுக்குப் புஷ்பம் அதைத் திருப்பினாள். பதினெட்டு.

கொஞ்ச நேரம் கழித்து, "மாமா ஒரு இட்டிலிதான் சாப்பிட்டாங்க மாமி" என்று கதவுக்கு வெளியிலிருந்து சொன்னாள். சரி என்றேன். எழுதிக்கொண்டிருந்த வாக்கியம் நல்ல இடத்தில் இருந்தது.

பதினொரு மணிக்குக் கதவு படபடவென்று தட்டப்பட்டது. "மாமி, மாமாவுக்கு வேர்த்து ஊத்துது. கூப்பிட்டா கண்ணு தொறக்கல. சீனி வேணும், சீக்கிரம் எடுத்துத் தாங்க."

சர்க்கரை டப்பா அடுக்களையில், கைக்கெட்டுகிற முதல் தட்டில் இருந்தது. அண்ணாவின் கட்டிலிலிருந்து ஏழெட்டு அடி. அப்போதும் அவள் உள்ளே போகவில்லை, என் கதவைத்தான் வந்து தட்டினாள். இதுவும் எனக்குப் போன செவ்வாய்க்கிழமைதான் உறைத்தது.

ஆம்புலன்சில் புஷ்பம் அண்ணாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சாயங்காலம் கண் திறந்தார். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். ஆனால் சர்க்கரை ரொம்ப நேரம் கீழேயே கிடந்திருக்கிறது, மூளையைப் பொறுத்தவரை காத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றார்கள்.

வராந்தாவில் அதே டாக்டர் கேட்டார், எத்தனை யூனிட் போட்டீர்கள் என்று.

"பதினெட்டு சார். எப்பவும் உள்ளதுதான்" என்றாள் புஷ்பம்.

"பத்தாக் குறைச்சாச்சே" என்றார் அவர், என்னைப் பார்த்து.

"எழுதி ஒட்டியிருக்கேனே" என்றேன். "ஃப்ரிட்ஜ்ல பெரிசா எழுதி ஒட்டியிருக்கேனே புஷ்பம். நீ பாக்கலையா?"

அவள் என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "பாக்கல மாமி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அன்று சாயங்காலமே வித்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு மெல்பர்னில் என்ன வேலை என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேனா? முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. அதற்கு ஒரு கோர்ஸ் படித்து, சர்ட்டிஃபிகேட் வாங்கி, வருஷா வருஷம் பரீட்சை மாதிரி ஏதோ ஒன்று எழுதுகிறாள். அந்த ஊர் அப்பாக்களை அவள் பார்த்துக்கொள்கிறாள். அவளுடைய அப்பாவைப் புஷ்பம் பார்த்துக்கொண்டாள்.

"அத்தை, எங்க இடத்துல ஒரு மாத்திரை குடுக்கணும்னாலும் சார்ட்டைப் பாத்துட்டுத்தான் குடுக்கணும். குடுத்ததும் கையெழுத்துப் போடணும். டோஸ் மாறினா பழைய சார்ட்டை எடுத்துடணும். ஷிஃப்டுக்கு வர்ற ஒவ்வொருத்தருக்கும் அது தெரிஞ்சாகணும். நீ எழுதி வச்சியா?"

"எழுதி ஒட்டியிருந்தேனே."

"எங்கே?"

"ஃப்ரிட்ஜ்ல."

"அப்போ இது அவளோட நெக்லிஜென்ஸ். விடாதே அத்தை. ஏஜென்சிக்கு எழுதிக் குடு. இங்கேன்னா இந்த வேலையே மறுபடி பாக்க முடியாது."

வித்யா கெட்டிக்காரி. விதிமுறை அத்தனையும் விரல் நுனியில். அந்த வீட்டில் பிறந்து, அந்த அடுக்களையில் தவழ்ந்து வளர்ந்தவள். ஃப்ரிட்ஜ் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். வெளி மனுஷர் அங்கே வரமாட்டார்கள் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மூச்சு விடுகிறோம் என்பது எப்போதாவது ஞாபகம் இருக்கிறதா நமக்கு?

புகார் எழுதினேன். எனக்கு எழுத வரும் என்பது ஊருக்கே தெரியும். ஒரு பக்கத்தில், உணர்ச்சிவசப்படாமல், குற்றம் முழுவதும் புஷ்பத்தின் மேல் விழுகிற மாதிரி எழுதினேன். நான் எழுதியவற்றில் அதைவிடச் சுத்தமான உரைநடை கிடையாது. சிவப்புப் பேனா வைத்துக்கொண்டு படிக்கத்தான் அண்ணாவுக்குக் கை இல்லை.

ஏஜென்சி அவளிடமும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கியது. அவள் பையை எடுத்துக்கொண்டு போகும்போது நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஐசியூவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள் என்று அங்கிருந்த செக்யூரிட்டி சொன்னார்.

மூன்று வாரம் கழித்து அண்ணா வீட்டுக்கு வந்தார். கண் பார்க்கிறது. ஊட்டினால் விழுங்குகிறார். பதினோரு வார்த்தையில் ஒன்றுகூட வரவில்லை. எதிரே நின்று நானும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தார் உதவியில் பத்து நாள் ஓட்டினேன். அப்புறம்தான் அதே ஏஜென்சியிலிருந்து ஸ்மிதா வந்தாள், யாரையும் கேட்காமல் அடுக்களைக்குள் போனாள்.

புதன்கிழமை வித்யாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "எனக்கு ஏன் தோணலை அத்தை?" என்று கேட்டாள். அழுதாள்.

வியாழக்கிழமை ஏஜென்சி ஆஃபீசுக்குப் போனேன். மேனேஜர் நல்ல மனுஷர்தான். நாற்காலி போட்டார், டீ சொல்லிவிட்டார். புகாரை வாபஸ் வாங்க வந்தேன், தப்பு என்னுடையது, அவளை மறுபடி வேலைக்கு அனுப்புங்கள் என்றேன்.

"அது போட்டே மேடம்" என்றார், விட்டுவிடுங்கள் என்கிற அர்த்தத்தில். "உங்க கம்ப்ளெயின்ட்ல உங்க ஒப்பு, கையெழுத்து இருக்கு. தப்பு பண்ணினேன்னு எழுதி அவங்களும் ஒப்பு போட்டாச்சு. மருந்து மாத்திக் கொடுத்த ஆளுன்னு பேரு வந்தப்புறம் எந்த வீட்டுக்கு நான் அனுப்புவேன், சொல்லுங்க?"

"மருந்து மாறினா அவகிட்ட நேரா சொல்லணும்னு உங்க விதியில எங்கேயாவது இருக்கா?" என்று கேட்டேன்.

"மருந்து எல்லாம் வீட்டுக்காரங்க பொறுப்பாணு மேடம். அக்ரிமென்ட்ல உண்டல்லோ."

உண்டு. பொடி எழுத்தில். வீட்டார் பொறுப்பு என்றால், தப்பு நேர்ந்தபோது போனது மட்டும் எப்படி அவள் வேலை?

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். மருந்துச் சீட்டை அடுக்களையில் ஒட்டினேன், அவளை அடுக்களைக்குள் நான் அனுமதித்ததில்லை, ஆகவே அவள் அதைப் பார்த்திருக்க வழியில்லை. மேனேஜர் இரண்டு தடவை படித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இந்த அடுக்களை வரி வேணுமோ மேடம்? எழுத்துக்காரி அல்லே நீங்க... வெளியே தெரிஞ்சா உங்களுக்குத்தான் மோசம்" என்றார்.

இருக்கட்டும் என்றேன். அவர் அதை மடித்து மேஜை டிராயரில் போட்டார். புஷ்பத்தின் ஃபைல் பின்னால் இருந்த அலமாரியில் இருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

நேற்று மத்தியானம் புஷ்பத்துக்கு ஃபோன் பண்ணினேன். எடுக்கமாட்டாள் என்று நினைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"சொல்லுங்க மாமி. மாமா எப்படி இருக்காங்க?"

சொன்னேன். உச் கொட்டினாள். எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன்.

"விதுரையில ஒரு ஓட்டல்ல காய் நறுக்குதேன் மாமி. ஏஜென்சியில விளிக்கல. விளிச்சாலும் இனி ஊசி தொட மாட்டேன்."

தப்பு என்னுடையது என்று சொன்னேன். சீட்டு, ஃப்ரிட்ஜ், வாசற்படி எல்லாம் சொன்னேன். ஏஜென்சியில் எழுதிக் கொடுத்ததையும், பத்திரிகையில் எழுதப்போவதையும் சொன்னேன். "உன் பேரைப் போடட்டுமா? தப்பு உன்னோடது இல்லேன்னு நாலு பேருக்குத் தெரியணும்."

"போட்டுக்கிடுங்க மாமி. எனக்கென்ன."

"நீ திரும்பி வரியா? ஸ்மிதா கிட்ட நான் சொல்லிக்கறேன். நீ எங்கே வேணா போகலாம், எதை வேணா எடுக்கலாம்."

"வேண்டாம் மாமி" என்றாள். யோசிக்கவே இல்லை.

பின்னால் யாரோ பாத்திரம் போடுகிற சத்தம் கேட்டது. எனக்கு விட மனசில்லை. அந்த வராந்தாவில் அவள் வாயெடுத்துவிட்டு மூடிக்கொண்டதே கண் முன்னால் நின்றது.

"அன்னிக்கே ஏன் சொல்லலை நீ? டாக்டர் இருந்தார். மாமி என்னை அடுக்களைக்குள்ள விடறதில்லேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவள் குரலில் கோபம் இல்லை. காய் வெந்ததா என்று கேட்பதுபோல் கேட்டாள். "சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களா மாமி?"

"ஏன், கட்டாயம் ஒத்துண்டிருப்பேன்" என்றேன், ஒரு நொடிகூடத் தாமதிக்காமல்.

"செரி மாமி. வேலை கெடக்கு, வைக்கட்டா" என்றாள். வைத்துவிட்டாள்.

மறுபடி கூப்பிட தைரியமில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். அன்று டாக்டர் எதிரே நின்றார். சுற்றிலும் ஆட்கள். நான் படித்தவள், பத்திரிகையில் எழுதுகிறவள். புஷ்பம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால், நான் எப்போது உன்னை வராதே என்று சொன்னேன் என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டிருப்பேன். வராதே என்ற வார்த்தையை நான் சொன்னதே இல்லையே. எல்லோரும் என்னைத்தான் நம்பியிருப்பார்கள்.

ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன், புஷ்பம்.